அறுபது சொல்லில் ஓர் எழுத்தாளர்

அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டேன். என்னைப் பற்றி என் மனைவி எழுத வேண்டிய அறுபது சொற்களையும் நானேதான் எழுதுவேன். வானமே இடிந்து விழட்டும். அவளே வந்து கதவைத் தட்டட்டும்.

கதவைத் தட்டினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் தேய்ப்பீங்க? பல்லா, பாத்திரமா?"

வெளியே வந்துவிட்டேன். ஆனால் முடிவை மாற்றவில்லை.

நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார் மேஜையில் வேலை பார்க்கிறேன். லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர் முதலில் கூப்பிடுவது கடவுளை. அவர் எடுக்காவிட்டால் என்னை. "பதறாதீங்க, ஆள் கிளம்பிட்டார், பக்கத்துலதான் வந்துக்கிட்டு இருக்கார்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன். ஆள் என் எதிரிலேயே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். ஆகவே கற்பனை எனக்குத் தொழிலோடு வந்தது. ஒன்பது வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். பதினான்கு கதைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. இரண்டு மூன்று, போவதற்கு முன்பே வந்துவிட்டனவோ என்று சந்தேகம். பதினைந்தாவது கதையில் ஒருவன் லிஃப்டுக்குள் நான்கு மணி நேரம் மாட்டிக்கொண்டு தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறான். அதை ஓர் இணைய இலக்கிய இதழ் ஏற்றுக்கொண்டது. எனக்கும் வாழ்க்கையில் ஒரு லிஃப்ட் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன்.

மாதம் ஒரு முறை வரும் இதழ் அது. எட்டுச் சிறுகதைகள். அவற்றுக்கு முன்னால் 'இந்த இதழின் எழுத்தாளர்கள்' என்று ஒரு பக்கம். எட்டுப் பேருடைய படமும், ஒவ்வொருவருக்கும் அறுபது சொல்லில் ஓர் அறிமுகமும் இருக்கும். கதைகளைப் படிக்காதவர்கள்கூட அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள். நானே அப்படித்தான். அந்தப் பக்கத்துக்காகக் கன்னத்தில் கை வைத்து, ஜன்னலுக்கு வெளியே வெறித்துப் பார்ப்பதுபோல் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்த என் மனைவி, "எந்தப் பல்லு?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் ஆசிரியரிடமிருந்து அந்த மெயில் வந்தது. ஆசிரியர் ஓர் அம்மையார். கறாரானவர்.

'எழுத்தாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதும் அறிமுகங்களைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. எல்லோருமே மழையை நேசிக்கிறார்கள். எல்லோருமே மௌனத்தோடு பேசுகிறார்கள். ஆகவே இந்த இதழிலிருந்து, எழுத்தாளரோடு ஒரே வீட்டில் வாழும் ஒருவர்தான் அறிமுகம் எழுத வேண்டும். அவரே நேரடியாக எங்களுக்கு அனுப்ப வேண்டும். எழுத்தாளர் கை அதில் படக் கூடாது.'

நான் எழுதி வைத்திருந்த அறிமுகத்தில் மழையும் இருந்தது, மௌனமும் இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், என்னோடு ஒரே வீட்டில் வாழ்வது ஒரே ஒருவர்தான்.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊராரிடம் ஊசியால் எடுப்பாள். என்னிடம் ஊசி தேவைப்படாது. ஒரு சொட்டைப் பார்த்தே ஆளின் முழு வண்டவாளத்தையும் சொல்லிவிடுவேன் என்று பெருமை வேறு. பத்தொன்பது வருடமாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் அறுபது சொல்லைக் கொடுப்பதா?

எதற்கும் ஆழம் பார்ப்போம் என்று சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். என்னைப் பத்தி அறுபது வார்த்தையில சொல்லணும்னா என்ன சொல்வே?"

"அறுபது எதுக்கு? நாலு போதுமே."

"என்ன நாலு?"

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடுவார்."

"சரி. மீதி அம்பத்தாறு?"

"அப்புறம் அதே துண்டை வீடு பூரா தேடுவார். எங்கே போச்சுன்னு என்னைக் கேப்பார். கட்டில்ல இருக்குன்னு சொன்னா, அங்கே யார் போட்டதும்பார்." விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் வேணுமா?"

"போதும்" என்றேன்.

பல் தேய்க்கும்போது நான் எடுத்த முடிவின் பின்னணி இதுதான்.

அன்றே மதிய இடைவேளையில் அலுவலகத்திலேயே வேலையில் இறங்கினேன். முதலில் அவள் பெயரில் ஒரு மெயில் கணக்கு திறந்தேன். மெயிலின் அடியில், வீட்டில் இருவருக்கும் ஒரே போன்தான் என்று ஒரு பொய்யைச் சேர்த்து என் எண்ணையே கொடுத்தேன். பிறகு அவளாக மாறி உட்கார்ந்தேன்.

'என் கணவர் ஒரு நடமாடும் நூலகம்' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். எந்த மனைவி இப்படிப் பேசுவாள்? நூலகம் நடமாடினால் தூசி கொட்டும் என்றுதான் என் மனைவி சொல்வாள். சரி, அவள் சொல்வதுபோலவே எழுதிப் பார்ப்போமே என்று தோன்றியது. அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி வந்தது.

'எங்க வீட்டுக்காரர் எழுத உக்காந்தா வீட்டுல ஈ பறக்காது. பறந்தாலும் அடிக்க மாட்டார், உனக்கு என்னம்மா கஷ்டம்னு விசாரிப்பார். காலையில நான் கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடி டீ போட்டு வச்சிருப்பார். துவைச்ச துணியைக் காயப் போட்டு, மடிச்சு, அடுக்கி வைப்பார். நான் பேசும்போது குறுக்கே பேசினதே இல்லை. பேசி முடிச்சதும், இன்னும் கொஞ்சம் பேசேன்னு கேப்பார். கோபம் வந்தா மன்னிப்பு கேட்டுடுவார். என் கோபத்துக்கும் சேர்த்து அவரே கேட்டுடுவார்...'

அறுபதில் நிறுத்தப் பார்த்தேன். கை நிற்கவில்லை. தொள்ளாயிரம் சொல்லில் வந்து நின்றது. ஒன்பது வருடத்தில் ஒரே மூச்சில் நான் எழுதியது அது ஒன்றுதான். 'வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி சேர்த்து, அவளாகவே கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டே நாளில் பதில் வந்தது. எனக்கு அல்ல. அவளாகிய எனக்கு.

'அன்புள்ள மேடம், நீங்கள் அனுப்பியது அறிமுகம் மாதிரி இல்லை. அதைவிட மேலான ஏதோ ஒன்று. உங்களோடு பேச வேண்டும்.'

அன்றே ஆசிரியர் போன் செய்தார்.

"சார், மேடம் இருக்காங்களா?"

"குளிச்சிட்டு இருக்காங்க மேடம்."

மறுநாள் மறுபடியும் அழைத்தார். "குளிச்சிட்டு இருக்காங்க." அடுத்த நாள் நான் அலுவலகத்தில் இருக்கும்போது அழைத்தார். பின்னணியில் யாரோ லிஃப்டுக்குள்ளிருந்து அலறுவது ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. வாய்ப் பழக்க தோஷத்தில், "பதறாதீங்க, வந்துக்கிட்டே இருக்காங்க" என்று தொடங்கி, "குளிச்சிட்டு" என்று முடித்தேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. மேடத்துக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சுத்தம்னா ரொம்பப் பிடிக்கும் மேடம்."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் தலைக்குச் சோப்புப் போட்டு நிற்கும்போது வெளியே போன் அடித்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். குழாயை மூடினேன். என் இதயம் அடிப்பது காதில் கேட்டது. அதைவிடத் தெளிவாக என் மனைவியின் குரல் கேட்டது.

"ஹலோ... அவர் குளிச்சிட்டு இருக்கார்ங்க... நானா? நான் குளிச்சாச்சே... எத்தனை நாளா?... மூணு நாளாவா?"

கதவில் காதை வைத்தேன்.

"ஆமாங்க. நான் கொஞ்சம் அதிகமாத்தான் குளிப்பேன்."

என் கண்ணில் சோப்பு இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

"என்னது, நான் எழுதினேனா?"

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து அவள் குனிந்து பார்க்கும் காட்சி எனக்குத் தெரிந்தது.

"ஆமா," என்றாள். "நான்தான் எழுதினேன். ஒரு நிமிஷம் இருங்க, பால்கனிக்குப் போயிடறேன், இங்கே தண்ணி சத்தம்."

தண்ணீரை மூடி ஐந்து நிமிடம் ஆகிறது. பால்கனிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அத்தோடு சரி.

பாதி நுரையோடு ஓடி வந்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு போன்ல?"

"யாரோ ஆசிரியராம்."

"என்ன கேட்டாங்க?"

"குளியலைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

"வேற?"

"வேற என்ன? பெரிய பத்திரிகைக்காரங்களோட நான் என்னத்தைப் பேசப் போறேன்?" கத்தி டக் டக்கென்று விழுந்தது. "காதுல நுரை இருக்கு. போய்க் கழுவுங்க."

பிடிபட்டேனா, இல்லையா? கேட்டால் மாட்டிக்கொள்வேன். கேட்காவிட்டால் மண்டை வெடிக்கும். வெடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். இதழ் வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு யாரோ என் தோளை உலுக்கினார்கள்.

"ஏங்க, நான் இன்னும் கண்ணு முழிக்கலை."

"என்ன?"

"நான் கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடி டீ போட்டு வச்சா எவ்வளவு நல்லா இருக்கும்னு தோணுச்சு." கண்ணை மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் வாக்கியம். ஆனால் அது என் வாக்கியம் என்று எப்படிச் சொல்வது? எழுந்து போய் டீ போட்டேன்.

செவ்வாய்க்கிழமை வாஷிங் மெஷின் நின்றதும் என் முகத்தைப் பார்த்தாள். காயப் போட்டேன், மடித்தேன், அடுக்கினேன். புதன்கிழமை அவள் வேலை செய்யும் இடத்தில் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த பயில்வான் ஒருவனைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை வாயைத் திறக்கப் பார்த்தேன். அவள் புருவத்தை உயர்த்தினாள். மூடிக்கொண்டேன். முடித்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பேசேன்" என்றேன்.

"உங்களுக்காக" என்று சொல்லிவிட்டு, பயில்வானின் தம்பியைப் பற்றித் தொடங்கினாள்.

வியாழக்கிழமை, நான் தேடி வைத்திருந்த பேனாவை அவளே தொலைத்துவிட்டு அவளே கோபப்பட்டாள். அந்தக் கோபத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னலோரம் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள், ஈயைப் பார்த்தாள். "ஏதோ கஷ்டத்துல இருக்கு போல" என்றாள். விசாரித்தேன்.

இவ்வளவையும் தாங்கினேன். ஒரு மாதக் கதையாக இருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்தப் பக்கத்தில் என் முகம் வர வேண்டும். எட்டில் ஒன்றாக வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை எனக்கு ஆசிரியரின் மெயில் வந்தது.

'அன்புள்ள ஐயா, மகிழ்ச்சியான செய்தி. உங்கள் துணைவியார் அனுப்பியதை நகைச்சுவைச் சிறுகதையாக இந்த இதழில் வெளியிடுகிறோம். ஒரு வீட்டிலிருந்து ஓர் இதழுக்கு ஒரு கதைதான் என்பது எங்கள் விதி. ஆகவே உங்கள் லிஃப்ட் கதை பிறகு ஒரு சமயம் வரும். அதில் இருப்பவர் நான்கு மணி நேரம் பொறுத்தவர், இன்னும் சில மாதம் பொறுப்பார் என்று நம்புகிறோம். எங்கள் புதிய முறைப்படி, துணைவியாரைப் பற்றிய அறிமுகத்தை அதே வீட்டில் வாழும் நீங்கள் எழுத வேண்டும். அறுபது சொல். நாளை மாலைக்குள்.'

மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அதேதான் இருந்தது. இனி உறுதியாவது, வாயைத் திறக்காமலிருப்பதாவது! வீட்டுக்குள் போனதும் போனை அவள் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன?"

"ஓ, வந்துடுச்சா?" நிதானமாகப் படித்தாள். "நல்ல மாதிரி எழுதியிருக்காங்களே."

"கதைன்னு யார் சொன்னது? அது அறிமுகம்!"

"அவங்கதான் கேட்டாங்க. மேடம், இது ரொம்ப நல்லா இருக்கு, இதுல எவ்வளவு உண்மைன்னு கேட்டாங்க. மெயில்ல வேற எனக்கு அனுப்பி வச்சாங்க. என்னோட நிஜ மெயிலுக்கு. மத்தது பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு சொல்லிட்டேன். முழுசும் படிச்சேன். ஒரு வரிகூட உண்மை இல்லைங்கன்னு சொன்னேன். நான் பொய் சொல்லணும்கறீங்களா?"

"அதை எழுதினது நான்!"

சொல்லிவிட்டேன்.

"அப்படியா?" என்றாள். "என் பேர்ல, என் கையெழுத்தோட, என் வீட்டுக்காரரைப் பத்தி வந்திருக்கு. சரி, ஒண்ணும் தப்பில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு மெயில் போடுங்க. 'பொண்டாட்டி பேர்ல கணக்கு திறந்து, என்னை நானே தொள்ளாயிரம் வார்த்தையில புகழ்ந்துக்கிட்டேன்'னு எழுதுங்க. அடுத்த கதையையும் அதோடவே அனுப்பிடுங்க, தபால் மிச்சம்."

போனை வாங்கினேன். 'அன்புள்ள ஆசிரியருக்கு' என்று அடித்தேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த லிஃப்ட் கதையைப் படிச்சேன்" என்றாள்.

"எப்போ?"

"நீங்க எழுதி முடிச்ச அன்னிக்கே. மேஜையிலதானே இருந்துச்சு. மூணு தடவை படிச்சேன். நாலு மணி நேரம் உள்ளே கிடக்கறான். ஒரு தடவையாவது வீட்டுக்குப் போன் பண்ணினானா? வாழ்க்கையை நினைக்கறானாம்! அவனுக்குன்னு அங்கே யாரும் இல்லை, அதான் பேச்சும் இல்லை. இந்தத் தொள்ளாயிரம் வார்த்தையில அந்தப் பொம்பளை பேசறா. நூத்துக்கு நூறு என்னை மாதிரியே பேசறா. அந்த 'உனக்கு என்னம்மா கஷ்டம்' எல்லாம் நான் எப்பவோ சொன்னது. இதையெல்லாம் எப்போ காதுல வாங்கினீங்க?"

"வாங்காம எப்படி? பத்தொன்பது வருஷம்."

"நீங்க கேக்கறதே இல்லைன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"அப்போ, இதை என் பேருக்கு மாத்தச் சொல்லிடலாமா?"

"கதை விடாதீங்க" என்று எழுந்துவிட்டாள். "போய் அறிமுகத்தை எழுதுங்க."

சனிக்கிழமை காலை முழு வெறியோடு உட்கார்ந்தேன். பழிக்குப் பழி, அறுபதுக்கு அறுபது. 'இவர் ரத்தம் குடிப்பதைத் தொழிலாகவும் பொழுதுபோக்காகவும் கொண்டவர்' என்று எழுதினேன். பின்னாலிருந்து ஒரு நிழல் விழுந்தது.

"எழுத்தாளர் கை இதுல படக் கூடாது" என்று தாளை மறைத்தேன். "விதி."

"என் கை படாது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. அறிமுகம்னா அறிஞ்ச முகம்தானே? என் முகத்தை என்னைவிட யாருக்குத் தெரியும்?"

அவள் சொன்னாள், நான் எழுதினேன். பத்தாயிரம் பேருக்கு மேல் வலிக்காமல் ரத்தம் எடுத்தவர் என்று வந்தது. அது உண்மைதான், ஒருவர்கூட அவளிடம் ஆ என்று கத்தியதில்லை. பேச்சு வழக்கைக் கையாளுவதில் வல்லவர் என்று வந்தது. அதையும் மறுக்க முடியவில்லை. அறுபதாவது சொல்லில் கச்சிதமாக நிறுத்தினாள். எனக்குத்தான் அந்தக் கலை வரவில்லை. அவளே அதைத் தன் போனில் அடித்து, தன் நிஜ மெயிலிலிருந்தே அனுப்பிவிட்டாள்.

முதல் தேதி இதழ் வந்தது. அலுவலகத்தில் நான் பார்ப்பதற்கு முன்பே, எதிர் நாற்காலியில் டீ ஆற்றும் மெக்கானிக் பார்த்துவிட்டார்.

"சார், உங்க வீட்டம்மா கதை படிச்சேன். சிரிச்சு சிரிச்சுப் புரையேறிடுச்சு. காலையில டீ போடறானாம், துணி மடிக்கறானாம், ஈயைக் குசலம் விசாரிக்கறானாம்! இப்படி ஒரு புருஷன் எங்கேயாவது இருப்பானா சார்? எங்கேருந்துதான் இந்தக் கற்பனை வருதோ."

அன்று காலை ஐந்தரைக்கு நான் போட்ட டீயின் சூடு இன்னும் விரலில் இருந்தது. பக்கத்தைத் திறந்தேன். எட்டுப் படங்கள். ஏழாவதாக என் மனைவி, கன்னத்தில் கை கிடையாது, நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். நன்றாகத்தான் இருந்தாள். அதன் கீழே நான் எழுதிய அறுபது சொல். ஒன்றுகூட வெட்டுப்படாமல் என் எழுத்து முதன்முதலாக ஓர் இதழில் வந்திருக்கிறது. நெஞ்சு விம்மியது. எழுதியவர் பெயர் எங்கே என்று கீழே பார்த்தேன். மற்ற ஏழு அறிமுகங்களின் அடியிலும் எழுதியவர்களின் பெயர் இருந்தது. இதன் அடியில் 'எழுத்தாளரின் கணவர்' என்று மட்டும் இருந்தது.

விடுவேனா? உடனே ஆசிரியரை அழைத்தேன். "மேடம், எல்லார் பேரும் இருக்கு, என் பேரை மட்டும் விட்டுட்டீங்களே?"

"ஐயையோ, நாங்க போடத்தான் இருந்தோம் சார்," என்றார் அவர். "அவருக்கு விளம்பரமே பிடிக்காதுன்னு மேடம்தான் எடுக்கச் சொன்னாங்க."